நம்மிடையே இருப்பவர்கள்: ஜெர்மன் மொழித் திரைப்படங்களைப் பற்றி

ஒரு தாய் பகலுணவு ஆக்கிவைத்துத் தன் சிறு மகளுக்காகக் காத்திருக்கிறாள். பள்ளி விட்டு நெடுநேரம் ஆகிவிட்டது. மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். திரையில் இப்போது தாயின் முகம் இல்லை; குரல் மட்டும் கேட்கிறது. ஆளில்லாத மாடிப்படி, துணி உலர்த்தும் வெறும் மேல்மாடம், மேசைமேல் தொடப்படாத தட்டு, புல்தரையில் உருண்டு வந்து நிற்கும் பந்து, தந்திக் கம்பிகளில் சிக்கித் தத்தளிக்கும் பலூன். இவ்வளவே. ஒரு துளி இரத்தமும் காட்டாமல், குழந்தை இனி வாராது என்பதை நமக்கு அறிவித்துவிடுகிறார் இயக்குநர். 1931ஆம் ஆண்டு பெர்லினில் வெளிவந்த 'எம்' என்ற படத்தின் தொடக்கம் இது. இயக்கியவர் பிரிட்ஸ் லாங்.

இப்படத்துக்கு முதலில் வைக்க எண்ணிய பெயர் 'நம்மிடையே கொலைகாரர்' என்பது. படப்பிடிப்புக் கொட்டகை ஒன்றின் நிர்வாகி இப்பெயரைக் கேட்டு இடந்தர மறுத்தார் என்றும், அவருடைய மேற்சட்டையில் நாஜிக் கட்சிச் சின்னத்தைக் கண்ட பிறகே மறுப்பின் காரணம் தமக்கு விளங்கிற்று என்றும் லாங் பின்னாளில் சொல்லிவந்தார். கதையை மெருகேற்றிச் சொல்வதில் லாங் வல்லவர். ஆகவே இதை அட்சரம் பிசகாமல் நம்பவேண்டும் என்பதில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1946இல், இடிபாடாய்க் கிடந்த அதே பெர்லினில், போருக்குப் பிறகு ஜெர்மானியர் எடுத்து வெளியிட்ட முதல் கதைப்படத்துக்கு வேறோர் இயக்குநர் வைத்த பெயர் 'கொலைகாரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்'. ஜெர்மன் மொழியில் கொலைகாரன் என்ற சொல்லுக்கு ஒருமைக்கும் பன்மைக்கும் வடிவம் ஒன்றே. முதற் பெயரில் ஒருவனா பலரா என்பது தெளிவாகாது. இரண்டாவதில் அந்த ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஸ்விட்சர்லாந்திலுமாக அம்மொழியில் எடுக்கப்பட்ட படங்கள் எத்தனையோ வகை. பேய்க் கதை உண்டு, போர்க் கதை உண்டு, அரசிளங்குமரியின் காதற் கதையும் உண்டு. ஆயினும் அவற்றுள் நிலைத்தவற்றை வரிசையாக நோக்கினால், பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றி வருவதைக் காணலாம். நம்மோடு ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறவன் யார்? அவனை நாம் மெய்யாகவே அறிவோமா? அவன் கண்ணுக்கு நாம் யார்? மொழி வேறான ஊரில் வாடகை வீட்டில் குடியிருந்து பிள்ளைகளை வளர்க்கும் நம்மவர்க்கு இக்கேள்வி புதிதாக இராது.

படம் காட்டும் தொழிலில் ஜெர்மானியர் பிந்தியவர் அல்லர். 1895 நவம்பர் 1ஆம் நாள் பெர்லின் நகரத்து விண்டர்கார்ட்டன் என்னும் கேளிக்கை அரங்கில் ஸ்க்லடனோவ்ஸ்கி சகோதரர்கள் அசையும் படங்களைக் காட்டினர். பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் நடத்திய புகழ்பெற்ற காட்சி அதற்கு ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்குப் பின்னரே நிகழ்ந்தது. எனினும் ஸ்க்லடனோவ்ஸ்கியின் கருவி விரைவில் வழக்கொழிந்தது. ஜெர்மன் படம் கலையாக வளர்ந்தது முதல் உலகப் போரில் அந்நாடு தோற்ற பிறகுதான். போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1917 டிசம்பரில், அரசாங்கத்தின் ஆதரவோடு தொடங்கிய 'ஊபா' என்ற படக் கம்பெனி, சில ஆண்டுகளில் ஐரோப்பாவின் மிகப் பெரிய கம்பெனிகளுள் ஒன்றாயிற்று.

1920 பிப்ரவரியில் வெளியான 'டாக்டர் காலிகரியின் பேழை' என்ற மௌனப் படத்திலிருந்தே உலகம் ஜெர்மன் படங்களைக் கவனிக்கத் தொடங்கியது. சந்தைக்கு வரும் ஒரு வித்தைக்காரன், பேழைக்குள் உறங்கும் ஓர் இளைஞனைக் காட்டிக் காசு வாங்குகிறான். இரவில் அந்த இளைஞன் உறக்கத்திலேயே எழுந்து நடந்து, எசமானின் கட்டளைப்படி கொலை செய்கிறான். இராபர்ட் வீனே இயக்கிய இப்படத்தில் வீடுகள் யாவும் கோணல், சன்னல்கள் முக்கோணம், தெருக்கள் வளைந்து எங்கோ மறைகின்றன. விளக்கு வைத்து நிழல் உண்டாக்குவதோடு நில்லாமல், நிழலையே துணியின்மேல் தூரிகையால் தீட்டிவிட்டனர் ஓவியர்கள். முடிவில், கதையைச் சொன்னவனே மனநோய் மருத்துவமனையில் இருப்பவன் என்றும், அந்த மருத்துவமனையின் தலைவரையே அவன் வித்தைக்காரனாகக் கண்டான் என்றும் தெரியவருகிறது. கட்டளையிடும் அதிகாரத்தைக் கண்டிக்கவே இருவர் எழுதிய கதை, இந்த முடிவினால் தலைகீழாயிற்று என்று சீக்பிரீட் கிராக்கவர் 1947இல் வெளியிட்ட நூலில் வாதித்தார். காலிகரியிலிருந்து இட்லருக்கு ஒரே நேர்கோடு அவர் போட்டது. நடந்து முடிந்தபின் திரும்பிப் பார்ப்பவர்க்கு எல்லாக் கோடும் நேராகத்தான் தெரியும். கோடு அத்தனை நேரானதென்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் உறங்கிக்கொண்டே கட்டளையை நிறைவேற்றும் அந்த இளைஞனின் முகத்தை ஒருமுறை கண்டவர் மறப்பது அரிது. அந்த வேடம் தாங்கியவர் கான்ராட் பைட். இப்பெயரை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முர்னாவ் என்பவர் 'நோஸ்பெராட்டு' என்ற பேய்ப் படத்தை எடுத்தார். அது பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலா நாவலை அனுமதி பெறாமல் தழுவியது. ஆசிரியரின் மனைவி வழக்குத் தொடுத்து வென்றார். பிரதிகளை அழித்துவிடும்படி தீர்ப்பாயிற்று. தப்பிப் பிழைத்த சில பிரதிகளால் அது இன்றும் நமக்குக் காணக் கிடைக்கிறது. ஆனால் முர்னாவின் மேன்மையை அறிய விரும்புவோர் பேயை விட்டு ஒரு வாயிற்காப்போனிடம் செல்லவேண்டும்.

1924இல் அவர் எடுத்த 'கடைசி மனிதன்' படத்தில் கதாநாயகன் ஒரு பெரிய ஓட்டலின் வாயிற்காப்போன். பொத்தான்கள் பளபளக்கும் நீண்ட சட்டை அவனுக்கு உயிர். ஏழைகள் நெருங்கி வாழும் குடியிருப்புக்கு அவன் அச்சட்டையோடு மாலையில் திரும்பும்போது அண்டை வீட்டார் சலாம் போடுகின்றனர். ஒருநாள் கனமான பெட்டியைத் தூக்க மாட்டாமல் அவன் தளர்ந்து உட்கார, அதை மேலாளர் பார்த்துவிடுகிறார். மறுநாள் சட்டை பறிபோகிறது. கீழ்த்தளத்துக் கழிவறையில் துவாலை நீட்டும் வேலை கிடைக்கிறது. வீட்டில் திருமணம். வெட்கம் தாளாமல் சட்டையைத் திருடி அணிந்துகொண்டு வீடு செல்கிறான். உண்மை வெளிப்பட்டதும் நேற்று வணங்கிய அதே அண்டை வீட்டார் சன்னல்தோறும் தலை நீட்டிக் கைகொட்டிச் சிரிக்கின்றனர். இவ்வளவையும் உரையாடல் எழுத்து அட்டைகளே இன்றிச் சொல்லிவிடுகிறார் முர்னாவ். எமில் யானிங்ஸின் முதுகு ஒன்றே கூனிக் கூனி நடித்துவிடுகிறது. கேமராவை ஓரிடத்தில் நாட்டி வைக்கும் வழக்கத்தை விட்டு, ஒளிப்பதிவாளர் கார்ல் பிராய்ண்ட் அதைத் தம் மார்பில் கட்டிக்கொண்டு மின்தூக்கியிலும் மிதிவண்டியிலும் ஏறிச் சென்று படம் பிடித்தார். கிழவனுக்குத் திடீரெனக் கோடிச் சொத்து வந்து சேர்வதாக ஒரு மகிழ்ச்சி முடிவு ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது; அதை மன்னித்துவிடலாம்.

அக்காலத்துப் படங்களுள் பெரும் பொருட்செலவோடு எடுக்கப்பட்டது லாங்கின் 'மெட்ரோபோலிஸ்'. 1927 ஜனவரியில் வெளியாயிற்று. ஐம்பது இலட்சம் மார்க்குக்கு மேல் விழுங்கி ஊபா கம்பெனியை ஏறத்தாழக் கவிழ்த்தது. மேலே சொகுசு மாடங்கள், கீழே பூமிக்குள் இயந்திரங்களுக்கு அடிமையான தொழிலாளர் என்று ஒரு வருங்கால நகரத்தை அது காட்டிற்று. காட்சிகளின் பிரமாண்டம் ஒப்பற்றது. தலையையும் கையையும் இதயம் இணைக்கவேண்டும் என்ற அதன் உபதேசமோ சிறுபிள்ளைத்தனமானது. வெளியான சில மாதங்களிலேயே வெட்டிக் குறைக்கப்பட்ட பகுதிகள் தொலைந்தன என்றே எல்லோரும் நம்பியிருக்க, 2008இல் அர்ஜென்டினா நாட்டுப் போனஸ் அயர்ஸ் நகரத்துத் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய முழுமையான பிரதி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் லோட்டே ரைனிகர் என்ற இளம்பெண் கறுப்புத் தாளைக் கத்தரித்து, மூட்டுக்கு மூட்டு கம்பியால் இணைத்து, பின்னிருந்து ஒளி பாய்ச்சி, சட்டம் சட்டமாக 'இளவரசன் அகமது' கதையைப் படமாக்கிக்கொண்டிருந்தார். 1926இல் வெளியான அப்படம், இன்று எஞ்சியுள்ள முழுநீளச் சித்திரப் படங்களுள் மிகப் பழையது. தோற்பாவைக் கூத்தைக் கண்டு வளர்ந்தவர்கள் அதைப் பார்த்தால் அந்நியமாக உணரமாட்டார்கள்.

மறுபடியும் 'எம்' படத்துக்கு வருவோம். பேசும் படம் வந்து ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த காலம். மற்றவர்கள் திரை முழுதும் பாட்டும் பேச்சுமாக நிரப்பிக்கொண்டிருந்தபோது, லாங் பின்னணி இசையே இல்லாமல் ஒரு படம் எடுத்தார். கொலைகாரன் குழந்தைகளை நெருங்கும்போது ஒரு மெட்டைச் சீழ்க்கையடிக்கிறான். நார்வே நாட்டு இசைஞர் கிரீக் அமைத்த மெட்டு அது. தெருவில் பலூன் விற்கும் ஒரு குருடன்தான் அந்தச் சீழ்க்கையைக் கொண்டு அவனை அடையாளம் காண்கிறான். கண்ணுள்ளவர் எல்லாரும் ஒருவரையொருவர் சந்தேகித்துத் தெருவில் அடித்துக்கொள்ள, கண்ணில்லாதவன் கண்டுபிடிக்கிறான். போலீஸ் கெடுபிடியால் தொழில் கெட்ட திருடர்கள், பிச்சைக்காரர்களை ஒற்றர்களாக ஏவிக் கொலைகாரனைப் பிடித்து, பாழடைந்த சாராய ஆலையில் நீதிமன்றம் கூட்டுகின்றனர். பீட்டர் லோரே என்ற நடிகர் அங்கே மண்டியிட்டு, தன்னைத் துரத்துவது தன் உள்ளேயே இருக்கிறது, அதனின்றும் தன்னால் ஓட முடியவில்லை என்று கதறும் காட்சி பார்ப்பவரைத் தடுமாறச் செய்யும். அவன் செய்ததை மன்னிக்க முடியாது. ஆயினும் கொல்லு, கொல்லு என்று கூவும் அந்தக் கூட்டத்தோடும் நம்மால் சேர முடிவதில்லை. கூட்டம் கூவும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

1933 ஜனவரியில் இட்லர் பதவிக்கு வந்தார். சில மாதங்களுக்குள் யூதர்கள் படத்தொழிலிலிருந்து வெளியேற்றப்பட்டனர். லாங் பாரிஸ் வழியாக அமெரிக்கா சேர்ந்தார். திரைக்கதை எழுதிக்கொண்டிருந்த பில்லி வைல்டர் சென்றார், லோரே சென்றார். கான்ராட் பைட் யூதர் அல்லர். அவர் மனைவி யூதர். அவரும் நாட்டை விட்டார். காலம் செய்த விந்தை, ஹாலிவுட்டில் 1942இல் எடுத்த 'காசாபிளாங்கா' படத்தில் நாஜி அதிகாரியாக நடிக்கும்படி அவருக்கே நேர்ந்தது. அதே படத்தில் லோரே இருக்கிறார். ஒரு பயணியிடம், இவ்வூரில் எங்கும் திருடர்கள், எச்சரிக்கையாக இருங்கள் என்று சொல்லிக்கொண்டே அவர் பணப்பையை அடிக்கும் ஒருவன் வருகிறான். சில விநாடிகளே தோன்றும் அந்த நடிகர் கூர்ட் போய்ஸ், பெர்லினில் பிள்ளைப் பருவத்திலேயே மேடையேறிப் புகழ்பெற்றவர். அகதிகளின் கதையைச் சொல்லும் படத்தில் அகதிகளே கூட்டமாக நடித்திருக்கின்றனர்.

போக முடியாதவர் கதி வேறு. மார்லின் டீட்ரிச்சை உலகறியச் செய்த 'நீலத் தேவதை' (1930) படத்தில் மாயவித்தைக் குழுவின் தலைவனாக வந்து சிரிக்க வைத்த கூர்ட் கெர்ரோன், ஹாலந்தில் நாஜிகளிடம் சிக்கினார். தெரேசியன்ஸ்டாட் முகாமில் யூதர்கள் இன்பமாக வாழ்வதாகக் காட்டும் பொய்ப்படம் ஒன்றை எடுக்க 1944இல் அவர் கட்டாயப்படுத்தப்பட்டார். எடுத்து முடிந்ததும் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பிக் கொன்றுவிட்டனர். நாஜிகள் 1940இல் யூதர்மேல் வெறுப்பூட்ட எடுத்த ஒரு செய்திப்படத்தில், 'எம்' படத்து லோரேயின் கதறலை வெட்டி ஒட்டி, யூதனின் இயல்பு இதுதான் என்று காட்டினர். ஒரு நடிகன் வேடமேற்று மனித மனத்தின் ஆழத்தைக் காட்டியதை அவனுடைய இனத்தின் குற்றப்பத்திரிகையாக மாற்றிய இச்செயலுக்கு ஈடான இழிவைத் திரைப்பட வரலாற்றில் காண்பது கடினம்.

சிதறியவர்களுள் சிலர் நம் நாட்டுக்கும் வந்தனர். அதற்கு முன்னரே ஒரு பாதை இருந்தது. மியூனிக் நகரத்து இயக்குநர் பிரான்ஸ் ஆஸ்டன், ஹிமான்ஷு ராயோடு சேர்ந்து புத்தர் வரலாற்றைக் கூறும் 'ஆசிய ஜோதி'யை 1925இல் எடுத்திருந்தார். 1934இல் பம்பாய்க்கு அடுத்த மலாடில் ஹிமான்ஷு ராயும் தேவிகா ராணியும் தொடங்கிய பாம்பே டாக்கீஸில், 1936இன் 'அச்சூத் கன்யா' உள்ளிட்ட பல இந்திப் படங்களை அவர் இயக்கினார். ஒளிப்பதிவு ஜோசப் விர்ஷிங். ஆஸ்டன் நாஜிக் கட்சியில் உறுப்பினராக இருந்தவர் என்பதையும் மறைக்கலாகாது. 1939இல் போர் மூண்டதும் இவர்களைப் பிரிட்டிஷ் அரசாங்கம் காவலில் வைத்தது. ஆஸ்டன் பின்னர் ஊர் திரும்பினார். விர்ஷிங் இங்கேயே தங்கி, 'மஹல்' (1949) முதலிய படங்களின் இருளையும் ஒளியையும் தீட்டினார். அதே நகரத்தில் நாஜிகளுக்கு அஞ்சி வந்து சேர்ந்திருந்த வால்டர் காவ்ஃப்மன் என்ற யூத இசைஞர், 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலி நிலையத்தில் மேனாட்டு இசைப் பிரிவை நடத்தினார். விடியற்காலையில் நிலையம் தொடங்கும்போது ஒலிக்கும் அகில இந்திய வானொலியின் அடையாள இசை அவர் அமைத்தது என்றே பொதுவாகக் கூறப்படுகிறது. தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் கேட்ட இசைக்குள் ஓர் அகதியின் கை இருக்கிறது.

போர் முடிந்தது. 'கொலைகாரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்' படத்தை எடுத்த வோல்ப்காங் ஷ்டவுட்டே மேற்கு வல்லரசுகளிடம் அனுமதி கேட்டுக் கிடைக்காமல், சோவியத் பகுதியில் தொடங்கிய 'டேபா' நிறுவனத்தில் அதை எடுத்தார். வதைமுகாமிலிருந்து மீண்ட ஒரு பெண் தன் பழைய வீட்டுக்கு வர, அங்கே குடியும் கையுமாக ஒரு முன்னாள் இராணுவ மருத்துவன் குடியிருக்கிறான். போரில் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்மக்களைச் சுட்டுக்கொல்ல ஆணையிட்ட தன் தளபதி மாண்டுவிட்டான் என்று அவன் எண்ணியிருக்க, தளபதியோ பக்கத்திலேயே நல்ல குடும்பத் தலைவனாய், படைவீரரின் இரும்புத் தொப்பிகளை உருக்கிச் சட்டி பானை செய்யும் ஆலை முதலாளியாய் வாழ்கிறான். இந்த ஓர் உருவகம் போதும். அக்காலத்து ஜெர்மனி முழுதும் அதில் தெரிகிறது. ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்லவேண்டும். யூதர்மேல் வெறுப்பூட்ட 1940இல் எடுத்த 'யூதன் ஸ்யூஸ்' என்ற கதைப்படத்தில் ஷ்டவுட்டேயே ஒரு சிறு வேடத்தில் நடித்திருந்தார். நம்மிடையே என்று அவர் எழுதியபோது தம்மை விலக்கிவைத்து எழுதவில்லை.

அந்தக் கேள்வியை மக்கள் நெடுநாள் விரும்பவில்லை. ஐம்பதுகளில் மேற்கு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் திரையரங்கை நிறைத்தவை மலையும் புல்வெளியும் நிறைந்த இனிய படங்கள். ஆஸ்திரியாவின் 'சிஸ்ஸி' (1955) அவற்றுள் தலையாயது; ரோமி ஷ்னைடரின் புன்னகைக்காக அதை இன்றும் பார்க்கலாம். விதிவிலக்காக 1959இல் பெர்ன்ஹார்ட் விக்கி எடுத்த 'பாலம்', போரின் கடைசி நாட்களில் பயனற்ற ஒரு பாலத்தைக் காக்க ஏவப்பட்ட ஏழு பள்ளிச் சிறுவரின் கதையைச் சொன்னது. கிழக்கு ஜெர்மனியில் டேபா நல்ல படங்கள் பல எடுத்ததெனினும் கட்சியின் கத்தரிக்கோல் எப்போதும் அருகிலிருந்தது. பிராங்க் பையரின் 'கற்களின் தடம்' 1966இல் வெளியான சில நாட்களில் நிறுத்தப்பட்டு, 1989இல்தான் மறுபடியும் வெளிச்சம் கண்டது. மேற்கில் 1962 பிப்ரவரியில் ஓபர்ஹவுசன் நகரத்தில் இருபத்தாறு இளைஞர்கள் கூடிப் பழைய படம் செத்துவிட்டது என்று அறிக்கை விடுத்தனர். அறிக்கை விடுவது எளிது. படம் வரச் சில ஆண்டுகள் ஆயின.

வந்தவருள் எல்லாரினும் விரைந்து எழுதி, விரைந்து எடுத்து, முப்பத்தேழு வயதில் மறைந்தவர் ரைனர் வெர்னர் பாஸ்பிண்டர். அவருடைய 'அச்சம் உயிரைத் தின்னும்' (1974) இரண்டு வாரங்களுக்குச் சற்றே கூடுதலான நாட்களில் எடுக்கப்பட்டது. புலம்பெயர்ந்து வாழ்பவர் பார்க்கவேண்டிய படம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். மேற்கு ஜெர்மனி அப்போது தொழிற்சாலைகளுக்கு ஆள் பற்றாமல், 1955 முதல் இத்தாலி, துருக்கி, மொராக்கோ முதலிய நாடுகளோடு ஒப்பந்தம் செய்து தொழிலாளரை வரவழைத்திருந்தது. விருந்தினர் தொழிலாளர் என்று அவர்களுக்குப் பெயர்; விருந்தோம்பல் பெயரோடு சரி.

கதை நடப்பது மியூனிக்கில். வீடு பெருக்கிப் பிழைக்கும் அறுபது வயதையொட்டிய விதவை எம்மி, மழைக்கு ஒதுங்கி ஒரு மதுக்கடையில் நுழைகிறாள். அங்கே மொராக்கோ நாட்டுத் தொழிலாளி ஒருவனோடு ஆடுகிறாள், பேசுகிறாள், பின்பு மணக்கிறாள். அவனுக்கு நீண்ட பெயர் ஒன்று உண்டு. ஆனால் எல்லாரும் அலி என்றே அழைக்கின்றனர். அந்நாட்டிலிருந்து வந்தவன் எவனும் அவர்களுக்கு அலிதான். விந்தியத்துக்குத் தெற்கிலிருந்து வந்த எவரையும் மதராசி என்று ஒரே சொல்லில் அழைத்த ஊர்களில் வாழ்ந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. படத்தின் பெயரே அவன் பேசும் கொச்சை ஜெர்மன். இலக்கணம் பிழைத்த வாக்கியம். மூலப் பெயரில் அந்தப் பிழையைத் திருத்தாமல் விட்டிருக்கிறார் பாஸ்பிண்டர்.

திருமணம் தெரிந்ததும் எம்மியின் மகன் தொலைக்காட்சிப் பெட்டியை எட்டி உதைக்கிறான். மளிகைக் கடைக்காரன் அலியின் பேச்சு புரியவில்லை என்று சொல்லிப் பொருள் தர மறுக்கிறான். படிக்கட்டு அழுக்காகிவிட்டது என்று அண்டை வீட்டுப் பெண்கள் முறையிடுகின்றனர். இதுவரை நாம் எதிர்பார்ப்பதே. பாஸ்பிண்டரின் கூர்மை பிற்பாதியில் விளங்குகிறது. இருவரும் சிலநாள் வெளியூர் சென்று திரும்ப, எல்லாரும் இன்முகம் காட்டுகின்றனர். காரணம் மனமாற்றம் அன்று. கடைக்காரனுக்கு வியாபாரம் குறைந்துவிட்டது. அண்டை வீட்டாளுக்குச் சாமான் போட்டுவைக்க எம்மியின் நிலவறையில் இடம் வேண்டும். மகனுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எம்மியோ ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில், உடன் வேலை செய்யும் பெண்களை அழைத்துக் கணவனின் புயத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறாள். அவன் தன் நாட்டு உணவைக் கேட்டால், இந்நாட்டுப் பழக்கத்துக்கு வந்துவிடு என்கிறாள். யூகோஸ்லாவியாவிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பெண்ணை மற்றவர்கள் ஒதுக்கும்போது தானும் சேர்ந்து ஒதுக்குகிறாள். முன்பு அவளே தனியாக உட்கார்ந்து உண்ட அதே படிக்கட்டில் இப்போது அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். முடிவில் அலி குடற்புண் வெடித்து விழுகிறான். இந்நோய் அயல்நாட்டுத் தொழிலாளரிடம் மிகுதி, குணப்படுத்தி அனுப்பினால் சில மாதங்களில் திரும்பி வருவர் என்று மருத்துவர் அமைதியாகச் சொல்கிறார். எம்மி அவன் கையைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருக்கிறாள்.

அதே தலைமுறையைச் சேர்ந்த மற்றவர்களைச் சுருக்கமாகவே சொல்லமுடியும். வெர்னர் ஹெர்சாக் பெரு நாட்டுக் காட்டிலும் ஆற்றிலும் 'அகீர்ரே' (1972) படத்தை எடுத்தார். பொன்னாசையால் பித்தேறிய தளபதியாக கிளவுஸ் கின்ஸ்கி. பல்கேர் ஷ்லோண்டார்பின் 'தகரப் பறை' (1979), வளர மறுத்த சிறுவனின் கண்வழியே நாஜிக் காலத்தைக் காட்டி, கான் விழாவின் தலைமைப் பரிசைப் பகிர்ந்துகொண்டது. வோல்ப்காங் பீட்டர்சனின் 'படகு' (1981), நீர்மூழ்கிக் கப்பலின் குறுகிய குழாய்க்குள் நம்மையும் அடைத்து மூச்சுத் திணற வைப்பது. ஸ்விட்சர்லாந்தின் மார்க்குஸ் இம்ஹோப் அதே ஆண்டில் எடுத்த 'படகு நிறைந்துவிட்டது' இதனோடு பெயரளவில்தான் ஒக்கும். போர்க்காலத்தில் எல்லை கடந்து வந்த அகதிகளை இனி இடமில்லை என்று திருப்பியனுப்பிய தம் நாட்டை அது நேராக நின்று கேட்கிறது.

கூர்ட் போய்ஸை இங்கே மறுபடியும் சந்திக்கிறோம். 'காசாபிளாங்கா'வில் பணப்பை அடித்தவர். 1950இல் ஜெர்மனி திரும்பிய அவர், 1987இல் விம் வெண்டர்ஸ் எடுத்த 'பெர்லின்மீது வானம்' படத்தில் எண்பத்தைந்து வயதைக் கடந்த கிழவராக வருகிறார். மனிதர் கண்ணுக்குப் புலப்படாமல் நகரத்தில் திரிந்து, ஒவ்வொருவரின் உள்ளத்து எண்ணத்தையும் கேட்கும் இரண்டு தேவதூதரின் கதை அது. தேவதூதர் காணும் உலகம் கறுப்பு வெள்ளை. மனிதர் காண்பது வண்ணம். பெருஞ்சுவருக்கு அருகே புல் முளைத்த பொட்டலில் அந்தக் கிழவர் தட்டுத்தடுமாறி நடந்து, போட்ஸ்டாம் சதுக்கத்தைத் தேடுகிறார். காப்பிக் கடை இருந்த இடம் எங்கே, புகையிலைக் கடை எங்கே என்று தமக்குள் கேட்டுக்கொள்கிறார். அவர் நிற்கும் பொட்டலே அந்தச் சதுக்கம். யாரோ எறிந்துவிட்டுப் போன நாற்காலியில் உட்கார்ந்து இளைப்பாறுகிறார். பக்கத்தில் நிற்கும் தேவதூதனை அவர் அறியார். அந்நகரத்தில் பிறந்து, துரத்தப்பட்டு, திரும்பி வந்தவர் ஒருவர் அக்காட்சியில் நடிப்பதால், நடிப்பு எது, நினைவு எது என்று பிரிக்க முடியவில்லை. இரண்டே ஆண்டுகளில் சுவர் திறந்தது. இன்று அந்தப் பொட்டலில் உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன.

சுவர் வீழ்ந்தபின் வந்தவற்றுள் விரைவுக்கு 'ஓடு லோலா' (1998): இருபது நிமிடத்தில் ஓர் இலட்சம் மார்க்கு திரட்ட ஒருத்தி மூன்று முறை ஓடுகிறாள். 2022இல் இதைத் தழுவி இந்தியில் 'லூப் லபேட்டா' வந்தது. மூலத்தைப் பார்ப்பதே மேல். சிரிப்புக்கு 'போய் வா, லெனின்!' (2003). துருக்கியப் பெற்றோருக்கு ஹாம்பர்க் நகரில் பிறந்த பாத்தி அகினின் 'சுவரில் மோதி' 2004இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி பெற்றது. விருந்தினர் தொழிலாளரின் பிள்ளைகள் ஜெர்மன் மொழியில் தாமே தம் கதையைச் சொல்லத் தொடங்கியதற்கு அது சான்று. ஆஸ்திரியரான மிக்கேல் ஹானெக்கேயின் 'வெள்ளை நாடா' (2009), முதல் உலகப் போருக்கு முந்திய ஒரு சிற்றூரில் நடக்கும் கொடுமைகளைச் செய்வது யார் என்று சொல்லாமலே முடிகிறது. ஐயம் விழுவது ஊர்ப் பிள்ளைகள்மேல். அவர்கள் வளர்ந்து ஆளாகும் ஆண்டு எது என்பதைப் பார்ப்பவரே கணக்கிட்டுக்கொள்ளலாம். ரெமார்க்கின் போர் நாவலை அமெரிக்கர் படமாக்கியபோது 1930 டிசம்பரில் பெர்லின் திரையரங்கில் நாஜிகள் வெள்ளெலிகளை ஓடவிட்டுக் கலகம் செய்தனர். அந்நாவல் ஜெர்மன் மொழியிலேயே திரைப்படமாக 2022 வரை காத்திருந்தது. வந்ததும் நான்கு ஆஸ்கர் பரிசுகளை வென்றது.

படிக்கட்டுக் கேள்விக்கு அண்மைக் காலத்து விடை 'பிறரது வாழ்வு' (2006). 1984ஆம் ஆண்டு, கிழக்கு பெர்லின். ஒரு நாடக ஆசிரியரின் வீட்டுச் சுவருக்குள் ஒற்றர் துறையினர் ஒலிவாங்கிகளைப் பதிக்கின்றனர். எதிர்வீட்டுப் பெண் கதவுத் துளை வழியே பார்த்துவிடுகிறாள். ஒரு சொல் வெளியிட்டால் மகளின் பல்கலைக்கழகப் படிப்பு போய்விடும் என்று அதிகாரி தாழ்ந்த குரலில் சொல்கிறான். அவள் வாயடைத்துப் போகிறாள். பிறகு அவ்வதிகாரி மேல்மாடத்தில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு நாள்தோறும் அந்த வீட்டின் பேச்சையும் இசையையும் கேட்டுக்கேட்டு மெல்ல மாறுகிறான். அத்துறையில் இப்படி மாறியவன் எவனும் இருந்ததில்லை என்று குறை சொன்னோர் உண்டு, குறை நியாயமானதே. ஆனால் உல்ரிச் ம்யூஹேயின் முகத்தைப் பார்க்கும்போது அந்த வாதம் சற்றே பின்தங்கி நிற்கிறது. கிழக்கு ஜெர்மனியில் வாழ்ந்து நடித்தவர் அவர். படம் ஆஸ்கர் பெற்ற 2007இலேயே மறைந்தார்.

டில்லி, மும்பை, கொல்கத்தா, புனே, பெங்களூர் ஆகிய நகரங்களில் உள்ள மாக்ஸ் முல்லர் பவனில் இத்தகைய படங்களை அவ்வப்போது திரையிடுவதுண்டு. மொழி தெரியாதே என்ற தயக்கம் வேண்டுவதில்லை. 'கடைசி மனிதன்' பேசவே பேசாது. முதலில் அதையும், அடுத்து 'எம்' படத்தையும், மூன்றாவதாக 'அச்சம் உயிரைத் தின்னும்' படத்தையும் பார்ப்பது நல்லது. 'எம்' பார்க்கும்போது மட்டும் வீட்டில் மற்ற ஓசைகள் இல்லாதிருக்கட்டும். சீழ்க்கை முதன்முறை கேட்பது தொடக்கத்திலேயே, குழந்தைக்குப் பலூன் வாங்கித் தரும்போது. அதைத் தவறவிட்டால் குருடன் பின்பு நிமிர்ந்து செவிசாய்ப்பது எதற்கென்று விளங்காது.